66, 73, 81: திருமறையின் எல்லை எங்கே முடிகிறது?

கத்தோலிக்க அடக்கத் திருப்பலியில் சாலமோனின் ஞானம் மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்படும்போது, உறவின்முறைக்காக வந்திருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்னும் சீர்திருத்தச் சபை) சபையார் தம் கையிலுள்ள பரிசுத்த வேதாகமத்தைப் புரட்டித் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். உன்னதப்பாட்டு முடிந்ததும் ஏசாயா வந்துவிடுகிறது. மல்கியா முடிந்ததும் மத்தேயு வந்துவிடுகிறது. நீதிமான்களின் ஆன்மா கடவுளின் கையில் இருக்கிறது என்னும் அந்த வரி அவர்கள் புத்தகத்தில் கிடையாது. வேதாகமத்துக்கு வெளியே உள்ள நூல்களைக் கிறிஸ்தவர் ஏற்கலாமா என்று கேட்பவரிடம், எந்த வேதாகமத்துக்கு வெளியே என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் வளர்ந்தது சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்திலுள்ள 66 நூல்களோடு. அந்தத் தரப்பின் வலுவான வாதம், பழைய ஏற்பாட்டுக்கு யூதர்கள் காத்துவந்த எபிரேய மறையே அளவுகோல் என்பது. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இறங்கிய ஜெரோமும் அதையே சொன்னார். ஆனால் மேடைகளில் அதிகம் கேட்பது வேறொரு வாதம்: இந்தப் புத்தகத்தோடு எதையும் கூட்டாதே என்னும் வெளிப்படுத்தின விசேஷம் 22:18. அந்த வசனம் சொல்வது அந்த ஒரு நூலைப் பற்றித்தான். உபாகமம் 4:2 ஏறக்குறைய இதே எச்சரிக்கையைத் தருகிறது. அதை முழுமறைக்கும் பொருத்தினால் சங்கீதமும் ஏசாயாவும்கூட வெளியே நிற்க நேரிடும்.

கத்தோலிக்கர் 73 என்று எண்ணுவதற்குப் பின்னால் தொடக்கத் திருச்சபையின் இறையியலார் அகுஸ்தீனாரும், வட ஆப்பிரிக்காவில் 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய ஆயர்களும் இருக்கிறார்கள். தொடக்கத் திருச்சபையில் பெரும்பாலோர் வாசித்தது கிரேக்கப் பழைய ஏற்பாடு. அதில் தோபித்தும் சீராக்கின் ஞானமும் இருந்தன. கிரேக்கத்தில் மட்டுமே உள்ள பிற்காலச் சரக்கு என்று இவற்றை ஒதுக்கியவர்களின் வாதமும், சாக்கடலருகே கும்ரான் குகைகளில் பழைய சுருள்கள் கிடைத்த பிறகு தளர்ந்துவிட்டது. தோபித்தின் அரமேயத் துண்டுகளும் எபிரேயத் துண்டும் அங்கே கிடைத்தன. உண்மையான சிக்கல் மொழியில் இல்லை, அதே நூல்வரிசையைச் சேர்ந்த 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. போரில் இறந்த வீரர்களின் பாவத்துக்காக யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி செலுத்த அனுப்புகிறார். 1519இல் லைப்சிக் வாதத்தில் எக் என்னும் கத்தோலிக்க இறையியலார் உத்தரிக்கிற நிலைக்கு (இறந்தவர்கள் விண்ணகம் புகுமுன் தூய்மை பெறும் நிலை) இதைச் சான்று காட்டியபோது, அந்நூலுக்குத் திருமுறை அதிகாரம் இல்லை என்று சீர்திருத்தவாதி லூத்தர் மறுத்தார். 1546இல் கத்தோலிக்கரின் திரெந்துச் சங்கம் பட்டியலை அறுதியிட்டபோது இந்தச் சூடு ஆறியிருக்கவில்லை. இரு தரப்பும் பட்டியலை மட்டுமே பார்த்துத் தீர்ப்புச் சொன்னதாக என்னால் நம்ப முடியவில்லை.

மூன்றாவது நிலையைப் பலர் மறந்துவிட்டார்கள். 1534இல் வந்த லூத்தரின் முழு வேதாகமத்தில் இந்நூல்கள் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே, மறைநூலுக்கு இணையல்ல என்றாலும் வாசிக்க நல்லவை என்ற குறிப்போடு நின்றன. ஆங்கிலிக்கத் திருச்சபையின் ஆறாம் விதி, நல்லொழுக்கத்துக்கு இவற்றை வாசிக்கலாம், கோட்பாட்டை நிறுவக் கூடாது என்கிறது. 1611இன் ஆங்கில வேதாகமத்திலும், தரங்கம்பாடியில் பெஞ்சமின் ஷுல்ட்ஸ் 1728இல் முடித்த தமிழ் அச்சிலும் இவை இடம்பெற்றன. 1826இல் லண்டன் வேதாகமச் சங்கம் இவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்த பின்னரே 66 மட்டும் கொண்ட கட்டுகள் உலகெங்கும் பரவின. மறையின் எல்லை என்று நாம் எண்ணுவதில் அச்சகக் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு.

எத்தியோப்பியத் திருச்சபை 81 நூல்களை ஏற்கிறது. எத்தியோப்பியாவின் பழைய மொழியான கெயெஸில் மட்டுமே முழுமையாகத் தப்பிய ஏனோக்கு நூல் அவற்றில் ஒன்று. புதிய ஏற்பாட்டின் யூதா நிருபம் அதை மேற்கோள் காட்டுகிறது. மேற்கோள் காட்டினாலே மறைநூலாகிவிடாது. அப்போஸ்தலர் 17:28இல் பவுல் எடுத்தாள்வது ஒரு கிரேக்கக் கவிஞரின் அடியை. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த தோமா நற்செய்தியின் 114 மொழிகளை வரலாற்று ஆர்வத்தோடு படிக்கலாம். சிலுவையைப் பற்றிய விவரிப்பே இல்லாத அதை மறைநூலாக எந்தப் பெரிய சபையும் கேட்கவில்லை.

1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் நூலை இந்த வரிசையில் சேர்ப்பது பொருந்தாது. மற்றவர்கள் பழைய பட்டியலின் நீளத்தைப் பற்றி வழக்காடுகிறார்கள். மார்மன் சபையோ வெளிப்பாடு முடியவில்லை என்கிறது, 1978இல்கூட ஓர் அறிவிப்பைத் தன் திருமுறையில் சேர்த்தது. நூலின் மூலம் பொறிக்கப்பட்டிருந்ததாக ஸ்மித் சொன்ன தங்கத் தகடுகளைக் கண்டதாகப் பதினொருவர் தந்த சாட்சியம் அந்நூலோடு அச்சாகி வருகிறது. தகடுகளை வானதூதரிடம் திருப்பித் தந்துவிட்டதாக ஸ்மித் சொன்னார். கும்ரான் துண்டை நம்பாதவரும் எடுத்து ஆராயலாம், இதில் அதற்கு வழியில்லை. இயேசுவை அறிந்த தலைமுறையின் சாட்சிக்கு அருகில் நிற்பதே புதிய ஏற்பாட்டு நூல்களுக்குத் திருச்சபை வைத்த முக்கிய அளவுகோல் என்றால், பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து வந்த நூல் அதைத் தாண்ட முடியாது.

ஆகவே என் சாய்வு ஆறாம் விதியின் பக்கம். நீ வெறுப்பதைப் பிறருக்குச் செய்யாதே என்னும் தோபித்து 4:15ஐயும், தோபியாவோடு சத்தமில்லாமல் வழி நடக்கும் அந்த நாயையும் சி.எஸ்.ஐ. பிள்ளைகள் ஏன் இழக்க வேண்டும்? 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பும் இணைத்திருமுறை நூல்கள் எனப்படும் இவற்றை லூத்தர் வைத்த அதே இடத்தில், இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே வைத்திருக்கிறது. அது அடுக்குமுறை மட்டுமே, தரவரிசை ஆகாது என்று என் கத்தோலிக்க உறவினர் உடனே திருத்துவார். இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் நாளில் அந்த வேறுபாடு மீண்டும் எங்கள் நடுவே வந்து உட்காரும்.