யார் கட்டுவது? சைக்கிளுக்கும் மலைப்பாதைக்கும் கட்டணம் கேட்கும் வழிகள்

சைக்கிள் பாதை போடலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூடவே ஒரு குற்றச்சாட்டும் வரும்: “இவர்கள் ஓசியில் ரோட்டைப் பயன்படுத்துகிறார்கள்.” கார் வைத்திருப்பவர் பெட்ரோல் வரி கட்டுகிறார், பதிவுக் கட்டணம் கட்டுகிறார். சைக்கிளில் போகிறவர் என்ன கட்டுகிறார்? இதே கேள்வி மலைப்பாதையில் நடப்பவர்களையும், ஆற்றில் துடுப்புப் படகு விடுபவர்களையும், காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுபவர்களையும் நோக்கித் திரும்புகிறது. வேட்டைக்காரரும் மீன் பிடிப்பவரும் லைசென்ஸ் எடுக்கிறார்களே, மற்றவர்கள் மட்டும் சும்மா வந்து போகலாமா?

நான் சைக்கிள் ஓட்டுபவன். ஆனாலும் கட்டணம் என்ற சொல்லைக் கேட்டதும் கொதிக்கிற ஆள் இல்லை. என் மனத்தாங்கல் வேறு. சாலையையும் மலைப்பாதையையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறார்கள். இரண்டிலும் செலவு வருகிற விதம் வேறு, அதனால் நியாயமும் வேறு.

சாலையில் நம்பர் பிளேட்

முதலில் சாலை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சோதனைக்கென்றே சாலைகள் போட்டு, அவற்றின் மேல் லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட தோராயமான விதி இது: வண்டியின் ஓர் அச்சு, அதாவது சக்கரத்தைத் தாங்கும் தண்டு, சாலைக்குச் செய்யும் சேதம், அது தாங்கும் எடையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு.

இதை வைத்து நாமே கணக்குப் போடலாம். ஆளோடு சேர்த்து சைக்கிள் 100 கிலோ என்று வைத்தால் ஓர் அச்சுக்கு 50 கிலோ. 1,500 கிலோ கார் என்றால் ஓர் அச்சுக்கு 750 கிலோ. பதினைந்து மடங்கு எடை. பதினைந்தின் நான்காம் அடுக்கு 50,625. அதாவது அந்தக் கார் ஒரு முறை போனால் ஏற்படும் தேய்மானத்தைச் சைக்கிள் ஏற்படுத்த, ஐம்பதாயிரம் முறைக்கு மேல் அதே சாலையில் போக வேண்டும். காரிடம் தேய்மானத்துக்காக ஆண்டுக்கு எவ்வளவு வாங்கினாலும், அதே அளவுகோலில் சைக்கிளின் பங்கு, அதை வசூலிக்கும் ரசீதின் காகித விலைக்குக்கூடக் காணாது.

சரி, சாலைச் செலவு தேய்மானம் மட்டும்தானா? இல்லை. இடம், சிக்னல், விளக்கு, பாலம் எல்லாம் உண்டு. சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டால் அதற்கும் பணம் வேண்டும். ஆனால் அந்தப் பணம் கார்க்காரர் கட்டுவதிலிருந்து மட்டும் வருகிறது என்பது உண்மை இல்லை. பிரிட்டனில் வாகன வரிக்கும் சாலைச் செலவுக்கும் இருந்த நேரடித் தொடர்பு 1937லேயே அறுந்துவிட்டது. அந்த வரி இன்று பொதுக் கணக்கில் சேர்கிறது. அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட் என்று 1993இல் வந்தது, இன்னும் அங்கேயே நிற்கிறது. நெடுஞ்சாலை நிதியில் விழுந்த பள்ளத்தை நிரப்ப 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து பணம் போகிறது. காரே இல்லாதவரின் வரியும் அதில் இருக்கிறது. ஓசி என்று சொல்லும்போது யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

சைக்கிளுக்கு ஆண்டு வரி போட்டு நம்பர் பிளேட் மாட்டிய நாடுகளும் இருந்தன. நெதர்லாந்தில் 1924 முதல் 1941 வரை சைக்கிள் வரி இருந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு சிறிய உலோகத் தகடு தருவார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்தார்கள், ஆனால் நடுவில் ஒரு ஓட்டை போட்டு. தெருவில் போகும்போதே இவன் வேலையில்லாதவன் என்று ஊருக்கே தெரியும். ஏழைக்குச் சலுகை கொடுக்கப் போய் அவன் சைக்கிளிலேயே அவமானத்தைத் தொங்கவிட்ட கதை இது. கட்டணத் திட்டம் எதைப் பற்றிப் படித்தாலும் அந்த ஓட்டைத் தகடுதான் என் கண்ணில் வந்து நிற்கிறது.

கனடாவின் டொரோண்டோ நகரம் 1935 முதல் 1957 வரை சைக்கிளுக்கு லைசென்ஸ் வைத்திருந்தது, பிறகு கைவிட்டது. சைக்கிளில் பாதி பேர் சிறுவர்கள் என்றால் யாரைப் பிடிப்பது, யாருக்கு அபராதம் போடுவது? சுவிட்சர்லாந்தில் ஆண்டுதோறும் வாங்கி ஒட்ட வேண்டிய சைக்கிள் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அது சாலைக் கட்டணம்கூட இல்லை, மூன்றாம் நபர் காப்பீடு. அதையும் 2012 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். இந்த வழி எனக்கு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தேறவில்லை.

கடையிலேயே வரி

இரண்டாவது வழி, வாங்கும்போதே கொஞ்சம் வாங்கிக்கொள்வது. தகடும் இல்லை, போலீஸும் இல்லை, கடைக்காரர் வசூலித்துக் கட்டிவிடுவார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2017இல் சட்டம் போட்டு, 2018 தொடக்கத்திலிருந்து 200 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள புதுச் சைக்கிளுக்கு 15 டாலர் வாங்கத் தொடங்கியது. எல்லா விலைக்கும் அதே 15 டாலர். 200 டாலர் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு அது விலையில் ஏழரை சதவீதம். 5,000 டாலர் பந்தய சைக்கிள் வாங்குபவருக்கு 0.3 சதவீதம். கட்டணம் யாரை அழுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

ஆனால் இந்த வழியை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், வேட்டைக்காரர்கள். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. கைத்துப்பாக்கியும் வில் அம்பும் பின்னால் சேர்ந்தன. 1950இல் தூண்டில் சாமான்களுக்கும் இதேபோல் ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கி வரிப்பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. திட்டச் செலவில் 75 சதவீதம் வரை அதிலிருந்து கிடைக்கும்.

அதில் ஒரு நிபந்தனை வைத்தார்கள், அதுதான் அந்தச் சட்டத்தின் உயிர்: வேட்டை லைசென்ஸில் வரும் பணத்தை வேறு எதற்கும் திருப்ப மாட்டோம் என்று மாநிலமே சட்டம் இயற்றினால்தான் மத்தியப் பணம் கிடைக்கும். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஓடுகிறது. அதனால் வேட்டைக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் “எங்கள் பணம்” என்று முடிவெடுக்கும் மேஜையில் உரிமையோடு உட்காருகிறார்கள். நடப்பவரும் சைக்கிள்காரரும் எண்ணிக்கையில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த நாற்காலி அவர்களுக்கு இல்லை. 1990களில் முதுகுப்பை, டென்ட், பைனாகுலருக்கும் இப்படி வரி வைக்கும் யோசனை வந்தது. சாமான் தயாரிக்கும் நிறுவனங்கள் எதிர்த்ததில் அது நின்றுபோனது.

டெக்சஸ் மாநிலம் இன்னொரு விதமாகச் செய்தது. புது வரி போடவில்லை. ஏற்கெனவே விளையாட்டுச் சாமான்களில் வரும் விற்பனை வரியில் ஒரு பகுதி பூங்காக்களுக்கு என்று 1993இல் ஒதுக்கியது. ஒதுக்கியதாகத்தான் பேர். பட்ஜெட் இறுகிய ஆண்டுகளில் சட்டமன்றம் அதை வேறு பக்கம் இழுத்துக்கொண்டது. கடைசியில் 2019இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, அரசியலமைப்பிலேயே எழுதி வைத்துப் பூட்டினார்கள். ஒரு கட்டணத்தை ஆதரிக்கச் சொன்னால் நான் முதலில் கேட்பது தொகையை இல்லை, இந்தப் பூட்டு இருக்கிறதா என்பதைத்தான்.

பாதை தொடங்கும் இடத்தில்

காட்டுப்பாதைக்கு வருவோம். இங்கே தேய்மானம் நிஜமாகவே பயன்படுத்துபவரால் வருகிறது. மழை பெய்த மறுநாள் ஈர மண்ணில் ஒரு டயர் போனால் ஒரு கோடு விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும், கோடு வாய்க்காலாகும். வாய்க்காலில் கால் வைக்க விரும்பாதவர்கள் ஓரமாகப் போவார்கள், பாதை இரண்டு மடங்கு அகலமாகும், ஓரத்துச் செடி போகும். நடப்பவரின் பூட்ஸும் இதைச் செய்யும், குதிரைக் குளம்பு இன்னும் மோசமாகச் செய்யும். ஒரு தடவை தன்னார்வலர்களோடு சேர்ந்து நானும் மண்வெட்டி பிடித்தேன். தண்ணீரைப் பாதையிலிருந்து சரிவாக வெளியேற்ற, கல் பதித்து ஒரே ஒரு வடிகால் வைத்தோம். அரை நாள் ஆனது. மறுநாள் முதுகை நிமிர்த்த முடியவில்லை. அந்தப் பாதையில் அப்படி இன்னும் எத்தனையோ இடங்கள் இருந்தன.

ஆகவே பாதை தொடங்கும் இடத்தில் கட்டணம் என்பது எனக்கு அநியாயமாகத் தெரியவில்லை. எதற்குக் கேட்கிறார்கள் என்பதில்தான் விஷயம். பொது நிலங்களில் பொழுதுபோக்குக் கட்டணம் வாங்குவது பற்றிய அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் இதில் நிறைய யோசித்து எழுதப்பட்டது. வசூலில் குறைந்தது 80 சதவீதம் பொதுவாக வசூலான இடத்திலேயே செலவாக வேண்டும். சாதாரண பொழுதுபோக்கு இடத்தில் வனத்துறை அடிப்படைக் கட்டணம் வாங்க வேண்டுமானால் ஆறு வசதிகள் இருக்க வேண்டும்: ஒழுங்கான பார்க்கிங், நிரந்தரக் கழிப்பறை, நிரந்தரக் குப்பைத்தொட்டி, விளக்கப் பலகை, உட்கார்ந்து சாப்பிட மேஜை, பாதுகாப்பு ஏற்பாடு. வண்டியை மட்டும் நிறுத்திவிட்டு, மற்ற எதையும் தொடாமல் காட்டுக்குள் நடந்து போகிறவரிடம் வாங்கக் கூடாது.

சட்டம் அப்படிச் சொன்னாலும் வனத்துறை வாங்கத்தான் செய்தது. அரிசோனாவின் லெமன் மலையில் நடப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. சில டாலர் மிச்சம் பிடிக்கும் சண்டை இல்லை அது. பொது நிலத்தில் கால் வைப்பதற்கே விலையா, அங்கே தரும் வசதிக்கு விலையா என்ற எல்லைக்கோட்டை அவர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

நியூசிலாந்தின் பெயர்பெற்ற நீண்ட நடைப்பாதைகளிலும் ஏறக்குறைய இதே கோடுதான். குடிலில் படுக்கவும் முகாம் போடவும் முன்பதிவு செய்து பணம் கட்ட வேண்டும். பகலில் நடந்துவிட்டுத் திரும்புவது இலவசம். கழிப்பறைத் தொட்டியைக் காலிசெய்வதும் அடுப்புக்கு எரிவாயு கொண்டுபோவதும் இரவு தங்குபவருக்காகத்தானே.

கூட்டத்தைக் குறைக்கக் கட்டணத்தை ஏற்றலாம் என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. விலை ஏறினால் முதலில் நிற்பவர் பணம் இல்லாதவர்தான். இடம் குறைவு என்றால் குலுக்கல் வைக்கலாம்.

எல்லோரும் சேர்ந்து கட்டுவது

கடைசி வழி, கட்டணமே வேண்டாம், பொதுவரியில் நடக்கட்டும் என்பது. ஃபின்லாந்தின் தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. காட்டுக்குள் ஆளில்லாத திறந்த குடில்கள் இருக்கும், யாரும் இரவு தங்கலாம். விறகு இருக்கும், அடுப்பு இருக்கும். கடைசியாக வந்து சேருபவருக்கே இடத்தில் முதல் உரிமை என்பது அங்கே வழக்கம். முன்னால் வந்தவர் நகர்ந்து கொடுக்க வேண்டும். கிளம்பும்போது அடுத்தவருக்கு விறகு பிளந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சட்டம், பொறுப்பாக நடந்துகொள்ளும் வரை பெரும்பாலான நிலத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை தருகிறது.

இதெல்லாம் நல்ல மனசால் மட்டும் நடப்பதில்லை, பின்னால் பணம் இருக்கிறது. அமெரிக்காவின் மிசூரி மாநிலம் இதற்கு நல்ல உதாரணம். 1976இல் அங்கே வாக்காளர்களே ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கு விற்பனை வரியைக் காட்டுயிர் பாதுகாப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1984இல் பூங்காவுக்கும் மண் காப்புக்கும் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு. அங்கே மாநிலப் பூங்காக்களில் இன்றும் நுழைவுக் கட்டணம் கிடையாது. காட்டுக்கே போகாதவர் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். அவர் குடிக்கும் தண்ணீர் எந்தக் காட்டுச் சரிவிலிருந்து இறங்கி வருகிறது என்பதே என் பதில்.

எனக்கு வேண்டியதைச் சொன்னால், நிலத்துக்கும் சாலைக்கும் மிசூரி வழி. படுக்கை, கழிப்பறை, பார்க்கிங் ஆகியவற்றுக்குப் பாதை தொடங்கும் இடத்தில் கட்டணம். சாமான் வரி வைத்தால் சதவீதத்தில் வைக்கட்டும், பூட்டோடு வைக்கட்டும், விலை குறைந்த சைக்கிளை விட்டுவிடட்டும். நம்பர் பிளேட் வேண்டவே வேண்டாம்.

அமெரிக்கக் காட்டு முகாம்களில் ஆளில்லாத வசூல் குழாய் ஒன்று நட்டிருப்பார்கள், கனமான இரும்பில். பக்கத்தில் கவர்கள் இருக்கும். பணத்தை உள்ளே வைத்து ஒட்டி, துண்டைக் கிழித்துக்கொண்டு, குழாயின் இடுக்கில் கவரைப் போட வேண்டும். நான் கேட்பது அதன் மேல் இன்னொரு பலகை: போன ஆண்டு இந்தக் குழாயில் எவ்வளவு விழுந்தது, அதில் எந்த வளைவில் எந்த வடிகால் கட்டினோம். அந்த வளைவுக்கு நான் சைக்கிளில் போய்ப் பார்த்துக்கொள்வேன்.