‘ரஷ் இன் ரியோ’ டிவிடி: சொல் இல்லாத பாட்டைப் பாடிய கூட்டம்

கனடாவின் ரஷ் இசைக்குழு 1981இல் வெளியிட்ட ‘மூவிங் பிக்சர்ஸ்’ தொகுப்பில் ‘ஒய்ஒய்இசட்’ என்றோர் உருப்படி உண்டு. அதில் பாடுவதற்கு ஒரு சொல்கூடக் கிடையாது. டொராண்டோ விமான நிலையத்தின் மூன்றெழுத்து அடையாளக் குறியே அதன் தலைப்பு; அந்தக் குறியை மோர்ஸ் தந்தியில் தட்டினால் எழும் ஒலிதான் அதன் தொடக்கத் தாளம். நீண்ட ஒலியை நெடிலாகவும் குறுகிய ஒலியைக் குறிலாகவும் வைத்து மாத்திரை எண்ணிப் பார்த்தால் கணக்கு உடனே பிடிபடும். ‘ஒய்’ என்பது நெடில், குறில், நெடில், நெடில் என ஏழு மாத்திரை; அது இரண்டு முறை வருகிறது. ‘இசட்’ இரண்டு நெடிலும் இரண்டு குறிலுமாக ஆறு மாத்திரை. ஆக மொத்தம் இருபது. அதை நான்கு நான்காகப் பிரித்தால் ஐந்து அடி. நான்கடித் தாளத்திலேயே ஊறிய ராக் ரசிகரின் கால் இடறும் இடம் இது.

2002 நவம்பர் 23 அன்று ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் ரஷ்ஷின் கச்சேரிக்குக் கூடியிருந்த சுமார் 40,000 பேரின் கால்கள் இடறவில்லை. கிட்டாரின் மெட்டு எழுந்ததும் அந்த மெட்டையே ‘ஓ’வென்று வாய்விட்டுப் பாடிக்கொண்டு, மைதானமே ஒரே உடம்பாகிக் குதிக்கிறது. சொல் இல்லாத பாட்டை ஒரு கூட்டம் பாட முடியும் என்பதை அந்தக் கச்சேரியின் பதிவான ‘ரஷ் இன் ரியோ’ டிவிடியில்தான் முதன்முதலில் கண்டேன். பல ஆண்டுகளாக இதை வைத்திருக்கிறேன். உறையின் கீல் உடைந்துவிட்டது. வட்டு மட்டும் இன்னும் சிக்காமல் ஓடுகிறது.

நீண்ட, சிக்கலான உருப்படிகளுக்குப் பேர்போன 1970களின் புரோகிரசிவ் ராக் மரபிலிருந்து வந்த குழு ரஷ். பேஸ் கிட்டார், கீபோர்டு, பாட்டு மூன்றையும் கெடி லீ ஒருவரே கவனிக்கிறார். கிட்டாருக்கு அலெக்ஸ் லைஃப்சன். டிரம்ஸ் வாசிப்பதோடு பெரும்பாலான பாடல்களுக்கு வரிகளும் எழுதியவர் 1974இல் வந்து சேர்ந்த நீல் பியர்ட். இவ்வளவு காலம் மேடையேறிய இந்தக் குழு, 2002 வரை பிரேசில் பக்கமே போனதில்லை. ஆனால் அவர்கள் போவதற்கு முன்பே அவர்களுடைய இசை அங்கே வீட்டுக்கு வீடு போய்விட்டிருந்தது. அமெரிக்காவின் ‘மெக்கைவர்’ தொடரைப் பிரேசில் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது, அதன் மூல இசையை எடுத்துவிட்டு ரஷ்ஷின் ‘டாம் சாயர்’ பாடலைத்தான் தொடக்க இசையாக வைத்தது. ஆகவே இந்தக் கச்சேரி அதே பாடலோடு தொடங்கும்போது எழும் ஆரவாரத்தில், சிறு வயதில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் பல வருடக் காத்திருப்பும் கலந்திருக்கிறது.

அந்தப் பயணத்தில் அவர்கள் வாசித்தது மூன்றே ஊர்களில்: முதலில் போர்ட்டோ அலெக்ரே, பிறகு சாவோ பாலோ, கடைசியாக ரியோ. சாவோ பாலோவில் சுமார் 60,000 பேர் மழையில் நனைந்தபடி கேட்டார்கள். மேடைச் சாமான்களும் அதே மழையில் நனைந்தன. அவற்றை ஒரே இரவில் சுமார் 430 கிலோமீட்டர் தள்ளி ரியோவுக்குக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. லாரிகள் தாமதமாக வந்ததால், கச்சேரிக்கு முன்பு ஒலியைச் சரிபார்க்கவும் நேரமில்லாமல் போயிற்று. ஒளிப்பதிவுக் குழுவுக்கும் ஒத்திகை வாய்க்கவில்லை. இந்த விவரம் தெரிந்த பிறகு இதன் குறைகளை நான் வேறு மாதிரி கேட்கத் தொடங்கினேன்; குறைகள் அதனால் மறைந்துவிட்டன என்று சொல்லமாட்டேன்.

குறைகளில் முதலாவதும் பெரியதும் ஒலிக்கலவை. கூட்டத்தின் இரைச்சல் எப்போதும் மேலோங்கியே இருக்கிறது. அதன் நடுவில் கிட்டாரின் நுணுக்கமான ஓட்டங்கள் சில இடங்களில் மங்கிப்போகின்றன, பேஸ் சற்றுக் கலங்கி ஒலிக்கிறது. இதே பதிவு மூன்று ஒலிவட்டுகளாகவும் வெளிவந்தது. படம் இல்லாமல் அதைக் காதில் மட்டும் வாங்கும்போது குறை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1981இல் வந்த ‘எக்ஸிட் ஸ்டேஜ் லெஃப்ட்’ என்ற மேடைப் பதிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் துடைத்துவைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருக்கும். கூட்டம் எங்கோ அடுத்த தெருவில் இருப்பது போலத் தோன்றும். அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: ‘குளோசர் டு த ஹார்ட்’ பாடலில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ரசிகர்கள் சேர்ந்து பாடுவது தெளிவாகக் கேட்கும். அந்த ரசிகர்களைச் சேர்ந்திசைக் குழு என்றே குறிப்பிட்டுத் தொகுப்பின் அட்டையில் நன்றியும் தெரிவித்திருந்தார்கள். கிளாஸ்கோ ரசிகர்களுக்கு ஒரே பாடலில் கிடைத்த இடம் ரியோ ரசிகர்களுக்குக் கச்சேரி முழுக்கக் கிடைத்திருக்கிறது. அதையும் அவர்கள் யாரையும் கேட்காமல் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தின் வழக்கமான பட்டியலில் இல்லாத ‘குளோசர் டு த ஹார்ட்’, பிரேசில் ரசிகர்களுக்காகவே சேர்க்கப்பட்டது. போர்த்துகீசியம் பேசும் மக்கள் அந்த ஆங்கில வரிகளை ஒன்றுவிடாமல் பாடும் இடத்தில் ஒலிக்கலவையின் மேல் எனக்கிருந்த வருத்தம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. சொல் இல்லாத இன்னோர் உருப்படியான ‘லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ’ வரும்போதெல்லாம் அது தலைதூக்குகிறது.

இந்தப் பதிவின் கனமான பகுதி நீல் பியர்ட்டைச் சுற்றியே இருக்கிறது. 1997 ஆகஸ்டில் அவருக்கு அப்போதிருந்த ஒரே மகள் சாலை விபத்தில் இறந்தார்; பத்து மாதங்களில் மனைவியும் புற்றுநோயால் இறந்தார். தன்னை ஓய்வுபெற்றவனாகவே நினைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறி ஏறத்தாழ 88,000 கிலோமீட்டர் தனியே அலைந்தார். குழு இனி கிடையாது என்றே ரசிகர்கள் முடிவுகட்டியிருந்த நிலையில், 2002இல் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ தொகுப்பு வந்தது. அதையொட்டிய சுற்றுப்பயணத்தின் கடைசி இரவுதான் ரியோ. அந்தத் தனிப்பயணத்தைப் பற்றியே அவர் எழுதிய ‘கோஸ்ட் ரைடர்’ பாடல் கச்சேரியின் இரண்டாம் பகுதியில் வருகிறது. லீ பாடுகிறார், வரிகளை எழுதியவர் பின்னால் தலைகுனிந்து தட்டிக்கொண்டிருக்கிறார். கேமரா அங்கே ஒரு நிமிடமாவது அசையாமல் நின்றிருக்கலாம்.

பியர்ட் ரசிகர்களின் அன்பைக் கண்டு ஒதுங்கிய மனிதர். முன்பின் தெரியாதவரை நெடுநாள் நண்பர் போலப் பாவித்துப் பழக முடியாது என்ற கூச்சத்தையே ‘லைம்லைட்’ பாடலின் பொருளாக்கியிருந்தார். அந்தப் பாடலை அவருக்கு முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். இந்த முரணை நினைத்துச் சிரிப்பதா, நெகிழ்வதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதற்குச் சற்று முன்னால் வரும் அவருடைய தனி ஆவர்த்தனத்துக்குப் போர்த்துகீசிய மொழியிலேயே ‘ஓ பாட்டரிஸ்டா’, அதாவது ‘டிரம்ஸ் கலைஞர்’, என்று பெயர் வைத்தார்கள். அது பிறகு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆவர்த்தனத்தின் நடுவில் மேடை சுழன்று பின்பக்கத்து மின்னணு டிரம்ஸ் முன்னால் வருவதும், முடிவில் பழைய ஜாஸ் வாத்தியக்குழுவின் பாணிக்கு அவர் தாவுவதும் பார்த்தே தீர வேண்டியவை. வாசிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பைத் தேட வேண்டாம், மணிக்கட்டுகளைப் பாருங்கள்.

சிரிப்புக்கு மற்ற இருவரும் பொறுப்பு. லீயின் பேஸ் ஒலி நேரடியாக அரங்கின் ஒலிபெருக்கிகளுக்கே போய்விடுவதால், அவருக்குப் பின்னால் பெட்டிகள் தேவையில்லை. லைஃப்சன் பக்கம் பெட்டிகள் அடுக்கியிருக்க, தன் பக்கம் வெறிச்சோடிக் கிடப்பது பொறுக்காமல் துணி உலர்த்தும் இயந்திரங்கள் மூன்றை வரிசையாக நிறுத்தியிருக்கிறார். அவை சும்மா நிற்கவில்லை. கச்சேரி நடக்கும்போதே உள்ளே டி-ஷர்ட்டுகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. ‘அறிவாளிகளின் இசை’ என்று புரோகிரசிவ் ராக்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு இந்தக் காட்சி ஒன்றே மருந்து.

படத்தொகுப்பைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை அதிகம் இல்லை. லீயின் விரல்களைப் பார்க்கத் தொடங்குவதற்குள் காட்சி கூட்டத்துக்குத் தாவும். கூட்டத்தில் ஒரு முகத்தைக் கவனிப்பதற்குள் மேடைக்குத் திரும்பும். ஏறக்குறைய மூன்று மணி நேரக் கச்சேரிக்கு இந்த அவசரம் எதற்கு? இரண்டாம் வட்டில் மூன்று உருப்படிகளுக்கு மட்டும் நாமே கேமராக் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பது சிறு ஆறுதல். ‘ஒய்ஒய்இசட்’ அந்த மூன்றில் ஒன்று. அதே வட்டில் ‘த பாய்ஸ் இன் பிரேசில்’ என்ற ஆவணப்படமும் உண்டு. குழுவோடு நெருங்கிப் பழகிய புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரூ மெக்நாட்டன் எடுத்தது. மூன்று ஊர்களின் மேடைப் பின்புறமும் மழையும் ரசிகர்களின் முகங்களும் அதில் நிதானமாக வருகின்றன. கச்சேரிப் படத்தில் நான் எதிர்பார்த்த பொறுமை அந்த ஆவணப்படத்தில்தான் கிடைத்தது.

ரஷ்ஷை இதற்கு முன் கேட்டே இராதவர் இதிலிருந்து தொடங்க வேண்டாம். ‘மூவிங் பிக்சர்ஸ்’ தொகுப்பை நாலைந்து முறை கேட்டு, ‘ஒய்ஒய்இசட்’டின் இருபது மாத்திரை கைவிரலில் படிந்த பிறகு வாருங்கள், அப்போதுதான் கூட்டத்தோடு சேர முடியும். துல்லியமான ஒலியே முக்கியம் என்பவர் 1981ஆம் ஆண்டுப் பதிவோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் ஒலிவட்டுகளை விட்டுவிட்டு டிவிடியையே வாங்குங்கள். ஹெட்ஃபோனில் கேட்காமல் அறையில் ஒலிபெருக்கியை வைத்துக் கேளுங்கள். ஹெட்ஃபோனில் இரைச்சலாகக் காதை அடைக்கும் அந்தக் கூட்டம், ஒலிபெருக்கியில் கேட்கும்போது நம்மைச் சுற்றி வந்து நிற்கிறது. பியர்ட் 2020 ஜனவரியில் காலமாகிவிட்டார். அவர் மறைந்த பிறகு ஒரு நாள் இதைப் போட்டபோது, ‘ஓ பாட்டரிஸ்டா’ முடிந்ததும் மைதானத்தோடு சேர்ந்து நானும் கை தட்டியிருக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள்.