அச்சு வரைபடமா, இணைய வரைபடமா?

மாணவர்களுக்குக் காலநிலை வரைபடம் (சராசரியைவிட வெப்பம் கூடிய இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம்) படிக்கக் கற்றுத்தர எதை எடுப்பது?

செலவு: அச்சுக்கு வண்ணப் பிரதி கட்டாயம், கறுப்பு வெள்ளையில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல்தான். நாசாவின் இணைய வரைபடம் இலவசம், கணினி வேண்டும்.

கவனம்: தாளில் வண்ண அளவுகோலை நிதானமாகப் படிக்கவைக்கலாம். திரையில் அதைப் படிக்கும் முன்பே சொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

போக்கு: இணையத்துக்கே என் ஓட்டு. அடிப்படைக் காலத்தை, அதாவது எந்த ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடுகிறோமோ அதை, 1951–1980இலிருந்து 1991–2020க்கு மாற்றுங்கள். அதே ஆண்டின் சிவப்பு பெரும்பாலும் வெளிறிவிடும். வெப்பம் குறையவில்லை, ஒப்பிடும் சராசரிதான் உயர்ந்தது. வகுப்பில் நல்ல வாக்குவாதம் கிளம்பும்! ஓராண்டுப் படத்தை மட்டும் வைத்துப் போக்கு என்று சொல்ல விடாதீர்கள். பத்தாண்டுச் சராசரிகளை வரிசையாகத் திறக்கச் சொல்லுங்கள்.

அளவுகோல் பழக்க அச்சு, போக்கைத் தேட இணையம். கணினி ஒன்றுதான் என்றால் வெவ்வேறு பத்தாண்டுகளின் படங்களை ஒரே அளவுகோலில் அச்சிட்டுக்கொள்ளலாம்.