ஆர்குட் பக்கமா, இன்ஸ்டாகிராம் ஃபீடா?

2004 ஜனவரியில் கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் தொடங்கியபோது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் சேர முடியும். சேர்ந்ததும் நேராக நண்பரின் பக்கத்துக்குப் போவோம், ஸ்கிராப் என்ற சின்னச் செய்தியை அங்கே எழுதுவோம், பதில் வந்திருக்கிறதா என்று மறுபடி வந்து பார்ப்போம். எனக்கு ரொம்பப் பிடித்தது டெஸ்டிமோனியல். நம்மைப் பற்றி நண்பர் நாலு வரி எழுதுவார். நாம் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது நம் பக்கத்தில் தெரியும். ஒருவருக்காகவே உட்கார்ந்து யோசித்து எழுதிய வரிகள் அவை. இன்றைய இதயக் குறி அதற்கு ஈடே இல்லை.

2010-இல் வந்த இன்ஸ்டாகிராமும் முதலில் நேர வரிசையில்தான் படங்களைக் காட்டியது. பார்த்து முடித்தால் மூடிவிடலாம். 2016-இல், எதை முதலில் காட்டுவது என்று தானே முடிவு செய்யும் அல்காரிதம் வந்தது, அப்புறம் ரீல்ஸ். இப்போது நண்பரின் பிறந்தநாள் படம், நாள் கடந்த பிறகுகூடக் கண்ணில் படலாம்.

படம், வீடியோ, புதியவர்களின் அறிமுகம் என்றால் இன்ஸ்டாகிராம்தான் மேல், சரி. தெரிந்தவர்களோடு பேச எனக்கு ஆர்குட் மாதிரிதான் வேண்டும். அதை 2014 செப்டம்பர் 30-இல் மூடிவிட்டார்கள். 2022-இல் இன்ஸ்டாகிராம் நேர வரிசையை ஒரு தெரிவாகத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் அதை ஒவ்வொரு முறையும் நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.