சியாங் மாய் யீ பெங் விழா: ஹோட்டல் கவுன்டரில் 13,000 பாட் ஏமாந்த கதை, தயவுசெய்து படியுங்கள்

பணம் போய் நான்கு நாள்தான் ஆகிறது. கோபம் ஆறவில்லை, அதனால் கோர்வையாக வராது. அடுத்த வருடம் தாய்லாந்து போகத் திட்டமிடுபவர்கள் முழுசாகப் படித்துவிடுங்கள்.

2024 நவம்பர் 15, 16. தாய்லாந்து முழுக்க லோய் க்ராதோங் (க்ராதோங் என்ற சிறு பூத்தட்டைத் தண்ணீரில் மிதக்கவிடும் விழா), வடக்கே இருக்கும் சியாங் மாயில் அதோடு சேர்ந்து யீ பெங் (காகித வான விளக்குகளைப் பறக்கவிடும் விழா). இரண்டு பேருக்கு 'விழா பேக்கேஜ்', தலைக்கு 6,500, மொத்தம் 13,000 பாட். நம் பணத்தில் ஏறக்குறைய 31,500 ரூபாய். ஹோட்டல் பெயர் போடவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நீச்சல் குளத்தோடு இருக்கும் நடுத்தர ஹோட்டல், அவ்வளவுதான். அறை மட்டும் முன்பதிவுத் தளம் வழியாக. பேக்கேஜை விற்றது ரிசப்ஷன் கவுன்டரில். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கவுன்டரில் ஓர் ஆல்பத்தைத் திறந்து காட்டினார்கள். நகரத்துக்கு வெளியே மே ஜோ என்ற ஊர்ப் பக்கம் ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒரே நேரத்தில் எழும்பும் படங்கள். "வெளியே டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. எங்கள் விருந்தினர்களுக்கு மட்டும் இடம் பிடித்து வைத்திருக்கிறோம். டிக்கெட்டை அன்றைக்குக் கையில் தருவோம்." கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, ரொக்கமாகக் கொடுங்கள் என்றார்கள். வெளியே டிக்கெட் தீர்ந்தது உண்மை. பெரிய நிகழ்ச்சிகளுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே விற்றுவிடும். அந்த ஓர் உண்மைதான் மற்ற எல்லாவற்றையும் நம்ப வைத்தது. 13,000 பாட்டை எண்ணிக் கொடுத்தாயிற்று.

உண்மையான கட்டண நிகழ்ச்சி எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அது நகரத்துக்குள் நடக்காது. மே ஜோ, தோய் சாகெட் மாதிரி வெளிப்புறத்தில்தான். டிக்கெட் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். அதில் இருக்கைப் பகுதி, பேருந்து ஏறும் இடம், நேரம் எல்லாம் இருக்கும். சாயங்காலம் சாலைகள் அடைத்துக்கொள்வதால் பேருந்து மதியமே கிளம்பிவிடும். எங்களிடம் சொன்னது, "மாலை 6 மணிக்கு லாபியில் நில்லுங்கள்." அந்த நேரத்தைக் கேட்டதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

6 மணிக்கு வண்டி வரவில்லை. ஹோட்டலின் பின்பக்கப் புல்தரையில் பிளாஸ்டிக் நாற்காலி, பஃபே சாப்பாடு. இதுதான் நிகழ்ச்சி என்றார்கள்.

க்ராதோங் செய்யக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மேசையில் இருந்தது தெர்மாகோல் வட்டத்தில் ஒட்டிய காகிதப் பூ. உண்மையான க்ராதோங்குக்கு அடித்தளம் வாழைமரத்தைக் குறுக்கே வெட்டிய வட்டத் துண்டு. மிக மெல்லிதாக வெட்டினால் பூவும் மெழுகுவத்தியும் ஏறியதும் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் ஏறிவிடும். வாழை இலையைக் கிழித்து, கூர்கூராக மடித்து, குச்சியாலோ சிறு ஊசியாலோ சுற்றிலும் குத்துவார்கள். நடுவில் சாமந்தி, வாடாமல்லி, ஆர்க்கிட். ஒரு மெழுகுவத்தி, மூன்று ஊதுவத்தி, ஒரு நாணயம். தெர்மாகோல் வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர்களே வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். (ரொட்டியில் செய்ததும் விற்கும், மீன் தின்றுவிடும் என்பார்கள். நிறையச் சேர்ந்தால் அதுவும் ஊறிக் கரைந்து தண்ணீரைக் கெடுக்கும்.)

அந்தத் தெர்மாகோலை எங்கே விடச் சொன்னார்கள் தெரியுமா? நீச்சல் குளத்தில். க்ராதோங் விடுவதே ஆற்றுத் தாய்க்கு நன்றி சொல்லி, அவளை அசுத்தம் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான். அவளை அவர்கள் அழைக்கும் பெயர் 'மே கோங்கா'. நம் கங்கைதான் அது. பிங் ஆறு கொஞ்ச தூரத்தில் ஓடிக்கொண்டிருக்க, குளோரின் தண்ணீரில் விடச் சொல்வது அந்த மக்களின் வழிபாட்டையே கேவலப்படுத்துவது. பணத்தைவிட இது அதிகமாக எரிகிறது.

அடுத்து வான விளக்கு. தலைக்கு இரண்டு என்று பேச்சு, வந்தது இரண்டு பேருக்கு ஒன்று. மூங்கில் வளையம், மெல்லிய காகிதம், அடியில் மெழுகில் தோய்த்த சுருள். ஒருவர் மேல்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் சுருளைப் பற்றவைத்து, வளையத்தைத் தரையை ஒட்டியே வைத்திருக்க வேண்டும். உள்ளே சூடான காற்று நிறைந்து விளக்கு தானாக மேலே இழுக்கும்வரை விடக் கூடாது. அவசரப்பட்டால் சாய்ந்து காகிதம் பற்றிக்கொள்ளும். எங்களுக்கு அந்தக் கட்டம்கூட வரவில்லை. சுருளில் தீ வைத்ததும் காவலாளி ஓடி வந்து அணைத்தார். விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் விளக்கு விடத் தடை. இந்த விழாவுக்காக விமானங்களையே ரத்து செய்கிறார்கள், நேரம் மாற்றுகிறார்கள். அங்கேயே ஹோட்டல் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் 13,000 பாட் வாங்கியிருக்கிறார்கள்.

அன்றிரவு மேலாளர்: "ஏற்பாட்டாளர் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்." மறுநாள் காலை வேறொருவர்: "நகராட்சி விதி, நாங்கள் என்ன செய்ய முடியும்?" பணத்தைக் கேட்டால், கணக்குப் பிரிவு திங்கள்தான் திறக்கும். ஞாயிறு அறையைக் காலி செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். திங்கள் போனில் கேட்டால் முதலாளி பாங்காக் போயிருக்கிறாராம். முன்பதிவுத் தளம்: "அறைக் கட்டணத்துக்கு மட்டுமே எங்கள் பொறுப்பு." ரொக்கம் என்பதால் வங்கியிலும் முறையிட வழியில்லை. சுற்றுலாப் போலீஸ் எண் 1155க்கும் அழைத்தோம், மரியாதையாகத்தான் பேசினார்கள். ரசீதைக் கேட்டார்கள். அதில் எழுதியிருப்பது 'விழா நிகழ்ச்சி, 2 பேர், 13,000'. இடம், நேரம், ஏற்பாட்டாளர் பெயர் எதுவும் இல்லை. மே ஜோ என்று சொன்னார்கள் என்பதற்கு எங்கள் வாயைத் தவிர சாட்சி கிடையாது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ரொக்கம் கொடுக்காதீர்கள். டிக்கெட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் தராதீர்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு வண்டி, தலைக்கு எத்தனை விளக்கு என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பழைய நகரின் தா பே வாசலில் ஊர்வலம், வாட் பான் தாவ் கோயிலில் தீபங்கள், நவரத் பாலத்தடியில் ஆற்றங்கரை, எதற்கும் காசு இல்லை. கரையிலேயே வாழை இலை க்ராதோங் சில்லறைக் காசுக்கு விற்கிறார்கள்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது, கடைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.