‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962): ஒலி அடங்கும்போது தொடங்கும் பயம்

பழைய திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படத்தின் குறைகளையெல்லாம் அந்தக் காலத்து வசதிக் குறைவின் மேல் போட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் ரசிப்பார்கள். ஹெர்க் ஹார்வி இயக்கிய ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ படத்துக்கு அந்தச் சலுகை தேவையில்லை என்பது என் கருத்து. ஏறத்தாழ 33,000 டாலர் செலவில் எடுக்கப்பட்ட இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில், பணம் போதாமல் போன இடங்களே பெரும்பாலும் பயத்தை உண்டாக்குகின்றன.

கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் இயங்கிய சென்ட்ரான் நிறுவனத்துக்காகப் பள்ளிகளுக்கும் தொழில் நிறுவனங்களுக்குமான விளக்கப் படங்களை எடுத்துவந்தவர் ஹார்வி. கலிபோர்னியாவிலிருந்து காரில் திரும்பும் வழியில், யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தைப் பார்த்தார். உடன் பணியாற்றிய ஜான் கிளிஃபர்டிடம், இறந்தவர்கள் அந்த மண்டபத்தில் நடனமாடுவதாக ஒரு கதை எழுதித் தரும்படி கேட்டார். ஹார்வி இயக்கிய ஒரே முழுநீளக் கதைப்படம் இதுதான். அந்த மண்டபமும் 1970இல் தீக்கிரையாகிவிட்டது. கலை இயக்குநர் எவராலும் கட்டியெழுப்ப முடியாத அதன் வளைவுகளையும் வெறிச்சோடிய தளங்களையும் இன்றும் இந்தப் படத்தில் பார்க்க முடியும்.

கதை எளிமையானது. பாலத்தின் மீது நடக்கும் கார்ப் பந்தயத்தில் மூன்று பெண்கள் சென்ற கார் ஆற்றில் விழுகிறது. தேடுதல் நடந்துகொண்டிருக்கும்போதே, சில மணி நேரம் கழித்து, மேரி ஹென்றி என்ற பெண் மட்டும் சேறு படிந்த உடையுடன் கரையேறுகிறாள். எப்படித் தப்பினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. பின்னர் யூட்டாவில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்து, தனியாகக் காரோட்டிச் செல்கிறாள். இரவு நேரம், வானொலியில் எந்த அலைவரிசைக்குத் திருப்பினாலும் ஆர்கன் இசைதான் வருகிறது. பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரியும் தன் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது வெளுத்த முகமுள்ள ஓர் ஆணின் முகமாக மாறுகிறது. அந்த ஆணாக நடித்தவர் ஹார்வியேதான். வெள்ளைப் பூச்சும் கண்களைச் சுற்றிய கருமையும் தவிர வேறு ஒப்பனை இல்லை. அவர் சிரிக்கும் விதம் போதுமானதாக இருக்கிறது.

படத்தின் உச்சமாக நான் கருதுவது ஒரு துணிக்கடைக் காட்சியை. உடை மாற்றும் அறையில் மேரி நிற்கும்போது படத்திலிருந்து உலகத்தின் ஒலி முழுவதும் அகன்றுவிடுகிறது. விற்பனைப் பெண்ணிடம் பேசுகிறாள். அவளுக்குக் கேட்கவில்லை, இவள் அங்கே நிற்பதும் தெரியவில்லை. தெருவுக்கு வந்தால் வண்டிகள் சத்தமின்றி ஓடுகின்றன, மனிதர்கள் கடந்து போகிறார்கள், அவளுடைய காலடி மட்டும் நமக்குக் கேட்கிறது. பூங்காவில் ஒரு மரத்தடியில் பறவைக் குரல் கேட்ட பிறகே எல்லா ஓசைகளும் திரும்புகின்றன. தந்திரக் காட்சிக்கு ஒரு காசு செலவில்லை. ஒலித்தடத்தை எங்கே நிறுத்துவது என்பதில் மட்டும் கவனம் இருந்திருக்கிறது. படத்தின் பிற பகுதிகளில் வசனம் உதட்டசைவோடு சரியாகப் பொருந்தாமல் சற்று விலகி ஒலிப்பது கூட, மேரி மற்றவர்களோடு ஒட்டாமல் இருக்கிறாள் என்ற உணர்வைத்தான் வலுப்படுத்துகிறது. இது திட்டமிட்டது அல்ல என்று ஒருவர் வாதிடலாம். திரையில் விளைவது என்ன என்பதுதானே பார்வையாளருக்கு முக்கியம்?

ஜீன் மூரின் ஆர்கன் இசை கிட்டத்தட்ட இடைவிடாமல் ஒலிப்பது முதலில் சலிப்பைத் தரக்கூடும். ஆனால் நாயகியே ஆர்கன் வாசிப்பவள் என்பதால், பின்னணி எங்கே முடிகிறது, அவள் வாசிப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத நிலை உருவாகிறது. தேவாலயத்தில் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது பக்தி இசை அவள் விரல்களின் கீழேயே திரிந்து வேறொன்றாகிறது. ஓடிவரும் பாதிரியார் அவள் கைகளைப் பிடித்து நிறுத்தி, வேலையை விட்டுவிடும்படி சொல்லிவிடுகிறார். தேவாலயம் தனக்கு வேலை செய்யும் இடம் மட்டுமே என்று எண்ணும் ஒரு பெண்ணை 1962ஆம் ஆண்டுப் படம் நாயகியாக வைத்திருப்பதே வியப்புக்குரியது. நியூயார்க்கில் நடிப்புப் பயின்ற கேண்டஸ் ஹில்லிகாஸ், அவளை அனுதாபம் தேடாத, சற்றே விறைப்பான பெண்ணாக நடித்திருக்கிறார். மேரி வாடகைக்குத் தங்கும் வீட்டின் எதிர் அறைக்காரன் ஜான் லிண்டன் காட்டும் அருவருப்பான நெருக்கம், பேய் முகத்தைவிட அதிகமாக என்னைச் சங்கடப்படுத்தியது. அந்த முகத்துக்குப் பயந்து தனியாக இருக்க முடியாத மேரி, வேறு வழியின்றி இவனுடைய துணையை ஏற்க வேண்டியிருக்கிறது என்பதில் படம் எந்த ஒளிவுமறைவும் வைக்கவில்லை.

குறையாக முதலில் சொல்ல வேண்டியவை மருத்துவர் வரும் காட்சிகள். நாம் ஏற்கெனவே உணர்ந்துகொண்டதை அவர் விளக்க முற்படுகிறார்; அங்கு மட்டும் ஹார்வியின் பழைய தொழில் எட்டிப் பார்க்கிறது. முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. இவ்வகைக் கதைகளில் பழகியவர் பாதியிலேயே அதை ஊகித்துவிடுவார் என்றாலும், சால்ட்டேரில் நடக்கும் இறுதி நடனம் அந்த ஊகத்தால் வலுவிழப்பதில்லை.

பதிப்புரிமைக் குறிப்பு இல்லாமல் வெளியானதால் இந்தப் படம் பொதுவுடைமையாகி, யார் வேண்டுமானாலும் பிரதியெடுத்து விற்கும் நிலை ஏற்பட்டது. பின்னிரவுத் தொலைக்காட்சி வழியாக அது ரசிகர்களைச் சேர்த்ததும், மங்கிப்போன பிரதிகள் இணையத்தில் மலிந்து கிடப்பதும் அதனால்தான். அவற்றில் இருட்டுக் காட்சிகள் வெறும் கரும்பரப்பாகிவிடுகின்றன. துணிக்கடைக் காட்சியின் நிசப்தத்தை இரைச்சல் கெடுத்துவிடுகிறது. கிரைடீரியன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட சீரமைக்கப்பட்ட புளூ-ரே பதிப்பில் 78 நிமிடத் திரையரங்கு வடிவம் துல்லியமாகக் கிடைக்கிறது. படத்துக்குச் சில நிமிடங்கள் கூடுதலான நீண்ட வடிவம் ஒன்றும் உண்டு. முதன்முறை பார்ப்பவருக்குக் குறுகிய வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன்.