ஏழு மாதம் கையை வெளியே விட்டுத் திறந்த கதவு

சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். "அண்ணா, நீ வச்சிருக்கிற அதே வண்டிதான். 2014 மாடல், பெட்ரோல். 2,40,000 சொல்றாங்க. வாங்கலாமா?" என்று கேட்டான். இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரம் அப்படி. முந்தின நாள்தான் டிங்கர் கடையிலிருந்து வண்டியை எடுத்து வந்திருந்தேன். அரை மணி நேரம் கதவைப் பற்றியே பேசித் தள்ளிவிட்டேன். அதையே கொஞ்சம் சூடு ஆறவைத்து இங்கே எழுதுகிறேன். கம்பெனி, மாடல் எதுவும் வேண்டாம். பேரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷம், 1,12,000 கிலோமீட்டர். இன்ஜினில் கை வைத்ததே இல்லை. கிளட்ச் ஒரு தடவை, பேட்டரி மூன்று தடவை, டயர் இரண்டு செட், அவ்வளவுதான். சென்னையில் மே மாத மதியம் வெயிலில் நின்ற வண்டியை எடுத்தாலும் பத்து நிமிஷத்தில் ஏசி குளிரவைத்துவிடும். நடுவழியில் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

ஆனால் உள்ளே உட்கார்ந்தவனை வெளியே விடவில்லை.

போன மார்ச்சில் ஒரு நாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் பக்கக் கதவின் உள் கைப்பிடியை இழுத்தேன். தொளதொளவென்று கையோடு வந்தது. கதவு அசையவில்லை. வெளிக் கைப்பிடி மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறந்து இறங்கினேன். அந்த 'நாளை' ஏழு மாதம் நீண்டது.

பெட்ரோல் பங்கில் கையை வெளியே நீட்டினால் பணம் கொடுக்கிறேன் என்று நினைத்துப் பையன் ஓடி வருவான். கல்யாண மண்டப வாசலில் பட்டுச் சட்டையோடு பாதி உடம்பை வெளியே தள்ளித் திறந்ததை மாமியார் வீட்டுப் பக்கம் மொத்தமும் பார்த்தது. மழை வந்தால் இன்னும் மோசம்: குடையை விரிப்பதற்கு முன்பே சட்டைக்கை தோள்வரை நனைந்திருக்கும்.

சரிசெய்யாமல் விட்டதற்கு நான் பாதிக் காரணம், சர்வீஸ் சென்டர் மீதிக் காரணம். அங்கே டேப்லெட்டோடு வந்த தம்பி கைப்பிடியை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். "லாக் அசெம்பிளி மாத்தணும் சார், லேபரோட 6,800 வரும்" என்றார். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து திறக்கிறதே, அப்புறம் லாக் எப்படிப் போயிருக்கும் என்று கேட்டேன். "சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது" என்றார். கதவில் என்ன சிஸ்டமோ!

அக்டோபரில் ஒரு ராத்திரி அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஆனிலேயே வைத்துப் பாட்டுக் கேட்டபடி ஒரு நீண்ட போன் பேசி முடித்தேன். பேட்டரி டவுன். பவர் விண்டோ இறங்கவில்லை. உள் கைப்பிடி ஏற்கெனவே வேலை செய்யவில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஹேண்ட்பிரேக்கையும் கியரையும் தாண்டி, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, பக்கத்துச் சீட்டுக்கு உருண்டு அந்தக் கதவு வழியாக வெளியே வந்தேன். வாட்ச்மேன் அண்ணன் எதுவும் கேட்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். படியேறும்போதுதான் பயம் பிடித்தது. மழைக்காலத்தில் நம்ம ஊர்ச் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குள் வண்டி மாட்டி, கரண்டும் போய், பக்கத்துச் சீட்டில் அம்மாவும் இருந்திருந்தால்?

மறுநாள் காலையில் ஜம்ப் ஸ்டார்ட் போட்டு நேரே தெருமுனை டிங்கரிடம் போனேன். அவர் கைப்பிடியை ஒரே ஒரு தடவை இழுத்தார். "லூசா வருது பாருங்க, லாக் நல்லாத்தான் இருக்கு. டைட்டா வந்து திறக்கலேன்னா லாக்கைச் சந்தேகப்படலாம். உள்ளேயும் வெளியேயும் ரெண்டுமே திறக்கலேன்னா அப்போ பெரும்பாலும் லாக்தான்" என்றார். 6,800 ரூபாய் அங்கேயே மிச்சம்.

கைப்பிடிக் குழிக்குள் சின்ன மூடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, கைவைக்கும் இடத்தில் ஒன்று. சுவிட்ச் பேனலை நெம்பி எடுத்து ஒயரைக் கழற்றினார். அப்புறம் கீழ் ஓரத்தில் விரல்களைச் செருகி இழுத்தார். டப் டப் என்று கிளிப்புகள் விட்டன. டோர் பேட் கையோடு வந்தது. உள்ளே பாலிதீன் ஷீட், அதன் பின்னால் கருப்பு உறை போட்ட ஒரு கேபிள். சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரியேதான். வெளியுறை ஒரு இடத்தில் அசையாமல் பிடித்திருந்தால்தான் உள்ளே இருக்கும் கம்பி இழுபடும். அந்த உறையைக் கைப்பிடியோடு பிடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் கவ்வி உடைந்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். நான் இழுத்தபோதெல்லாம் கம்பியும் உறையும் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன. லாக்குக்குச் சேதியே போகவில்லை. பதினோரு வருஷ வெயிலில் காய்ந்து, அப்பளம் மாதிரி ஆகியிருந்தது அந்தப் பிளாஸ்டிக்.

கவ்வி மட்டும் தனியாகக் கிடைக்காது என்றார். புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கும் கடைகளில் மூன்றாவது கடையில் டிரைவர் சைடு கைப்பிடி, கேபிளோடு கிடைத்தது. இடது, வலது மாறிவிடக் கூடாது என்பதற்காக உடைந்ததையும் கையில் எடுத்துப் போயிருந்தேன். 450 ரூபாய். ஒரே ஒரு சிக்கல். என் வண்டியின் உள்பக்கம் முழுக்கக் கருப்பு. கிடைத்தது பீஜ் நிறம். கருப்பு வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. இப்போது டிரைவர் கதவில் மட்டும் பல் கட்டின மாதிரி ஒன்று தெரிகிறது. கதவு வெண்ணெய் மாதிரித் திறக்கிறது, ஆனால் அந்தப் பீஜ் கைப்பிடியைப் பார்க்கும்போது எரிச்சலும் வருகிறது.

டிங்கர் கூலி 500. லாக்கில் மண்ணோடு கெட்டியாகிக் கிடந்த பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைத்தார். பாலிதீன் ஷீட்டை மட்டும் "இது எதுக்கு சார்" என்று சுருட்டினார். நான் விடவில்லை. முன்பு ஸ்பீக்கர் மாட்டியவர் இடதுபக்க ஷீட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போகவேண்டும். ஷீட் இல்லாததால் உள்பக்கம் கசிந்து, ஒரு மழைக்காலம் முழுக்கக் கார்பெட் நாறியது. அதனால் நின்று ஒட்டவைத்தேன்.

ஆக மொத்தம் 950 ரூபாய். ஏழு மாதம்.

சித்தப்பா மகனுக்கு என்ன சொன்னேன்? "வேண்டாம்டா" என்றேன். "இவ்வளவு நேரம் நல்லா ஓடுதுன்னுதானே சொன்னே?" என்றான். ஆமாம், நல்லாத்தான் ஓடுகிறது. என் வண்டியை விற்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் நகம் அளவு பிளாஸ்டிக்கில் பத்து ரூபாய் மிச்சம் பிடித்தவர்களின் இன்னொரு வண்டி நம் குடும்பத்துக்குள் வரவேண்டாம் என்று இந்த வாரம் தோன்றுகிறது. அடுத்த மாதம் கேட்டிருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவன் கேட்கிற ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறானாம். சரி, போனால் நான்கு சீட்டிலும் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, உள்ளிருந்து திறந்து பார் என்றேன். பின்கதவு திறக்காவிட்டால் பதறாதே, குழந்தைகள் உள்ளிருந்து திறக்காமலிருக்கக் கதவு ஓரத்தில் வைத்திருக்கும் சைல்டு லாக் போட்டிருக்கலாம், அதைத் தள்ளிவிட்டுப் பார். முன்கதவில் சைல்டு லாக் கிடையாது, அங்கே ஏமாறாதே. விற்கிறவர் ரொம்ப மரியாதையாக ஓடி வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டால் மட்டும் விலையில் 5,000 குறைத்துக் கேள்.